நகராத மூணு லெவல்

தனத்தைப் பத்தி யாராவது "பாவம், எம்.ஃபில்.ல கோட்டை விட்டுட்டா"ன்னு சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். கோட்டை விட்டவ அவ இல்லை. சொல்றேன், கேளுங்க. நடுவுல என் மேல கோவம் வந்தா வரட்டும். எனக்கே என் மேல இருக்கு.

என் பேர் கிருபா. வீடு சேலையூர். கூடுவாஞ்சேரி தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு தனியார் காலேஜ்ல ஃபிசிக்ஸ் நடத்தறேன். தனமும் அங்கதான் இருந்தா. ராஜகீழ்ப்பாக்கம் பொண்ணு. அவங்கம்மா எல்லம்மா ஒரு ஸ்கூல்ல ஆயா வேலை. அப்பா சின்ன வயசுலயே போயிட்டார். அவங்க தெருவுல எம்.எஸ்சி. வரைக்கும் போன முதல் ஆள் தனம்தான். பி.எஸ்சி.லேர்ந்து நாங்க ஒரே பெஞ்சு. நான் வாயாடி, அவ வாயே திறக்க மாட்டா. லெக்சரர் போர்டுல தப்பு பண்ணினா கூட எழுந்து சொல்ல மாட்டா. நோட்டுல சரியா எழுதிக்குவா, அவ்வளவுதான். அதைப் பாத்து நான் எழுந்து சத்தமா சொல்லி நல்ல பேர் வாங்கிக்குவேன். அந்தக் காலத்துலயே அப்படித்தான்.

எண்பத்தி மூணுல ரெண்டு பேரும் இந்தக் காலேஜ்ல சேர்ந்தோம். ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து அவ பஸ்ல வருவா, தாம்பரம் ஸ்டேஷன்ல சேர்ந்துக்கிட்டு செங்கல்பட்டு வண்டியில போவோம். வேலை என்னமோ டெம்பரவரி. பதினோரு மாசத்துக்கு ஒரு ஆர்டர். மே மாசம் நாங்க யாருமே இல்லை. ஜூன்ல மறுபடி ஆர்டர் வருமா வராதான்னு ஆபீஸ் வாசல்ல நிக்கணும். நான் நின்னா, வீட்டுல அப்பா பென்ஷன் இருக்கு, போனா போகட்டும். தனம் நின்னா முகத்துல ரத்தமே இருக்காது. எல்லம்மாவுக்கு முட்டி வலி, நடக்கவே முடியலை. தனத்தோட வேலைதான் அந்த வீடு.

எண்பத்தி ஏழுல ஒரு சர்க்குலர் வந்துது. தொண்ணூறு மார்ச் முப்பத்தி ஒண்ணுக்குள்ள எம்.ஃபில். முடிச்சவங்களுக்கு அந்த ஜூன்லேர்ந்து பெர்மனெண்ட். முடிக்காதவங்களுக்கு ஜூன்ல ஆர்டர் கிடையாது. நான் அடுத்த வருஷமே எப்படியோ முடிச்சுட்டேன். தனம் எங்க ஹெட் சுப்பராயலு சார்கிட்ட பார்ட் டைம்ல ரெஜிஸ்டர் பண்ணினா. அந்த ரெஜிஸ்ட்ரேஷனும் அதே மார்ச் முப்பத்தி ஒண்ணோட காலாவதி.

அவ எடுத்துக்கிட்ட கணக்கு பொட்டன்ஷியல் வெல். கிணறுன்னு வெச்சுக்கோங்க. எலக்ட்ரான் மாதிரி ஒரு குட்டித் துகள் ஒரு குழிக்குள்ள மாட்டிக்கிச்சு, ஏறி வெளிய வர அதுகிட்ட சக்தி இல்லை. நாமளா இருந்தா குழிக்குள்ள எந்தப் படியில வேணும்னாலும் நிப்போம். அது நிக்காது. அதுக்குன்னு சில உயரம் இருக்கு, அங்க மட்டும்தான் நிக்கும். அதைத்தான் பவுண்ட் ஸ்டேட்னு சொல்றோம், பேச்சுல லெவல். அந்த உயரங்களைக் கண்டுபிடிக்கணும். சுவருக்கு முடிவே இல்லைன்னா பி.எஸ்சி. பசங்களே விடை எழுதிடுவாங்க. சுவருக்கு ஒரு அளவு இருந்தா தொலைஞ்சோம். சமன்பாட்டுல ஒரு பக்கம் டேன், இன்னொரு பக்கம் ஸ்கொயர் ரூட். எப்படிப் புரட்டினாலும் நேரா விடை வராது. ரெண்டு பக்கத்தையும் கிராஃப் தாள்ல வரைஞ்சு, ரெண்டு கோடும் எங்க வெட்டிக்குதுன்னு பாக்கணும்.

தனம் வரைஞ்சா. அரை பிளேடால பென்சிலை ஊசி மாதிரி சீவி, டேபிள்ஸ் புக்கைப் பாத்து ஒவ்வொரு புள்ளியா வெச்சு, ஒரு மாசம் வரைஞ்சா. மூணு இடத்துல வெட்டிச்சு. 1.4, 4.2, 6.8. டேன் கோடு வானத்துக்கு ஏறிப் போய், மறுபடி பாதாளத்துலேர்ந்து கிளம்பற இடத்துல எல்லாம் புள்ளிக்கோடு போட்டு வெச்சிருந்தா. அவ்வளவு அழகான கிராஃபை நான் பாத்ததில்லை. அதை அவகிட்ட சொல்லவும் இல்லை.

அப்பதான் காலேஜுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்துது. அதுக்கு மட்டும் ஏசி ரூம். உள்ள தூசி போகக்கூடாதுன்னு செருப்பை வாசல்ல விடணும். சுப்பராயலு சாரே வெறும் கால்ல, கோயிலுக்குள்ள போற மாதிரி போவார். நான் தாம்பரத்துல ஆறு வாரம் பேசிக் கோர்ஸ் முடிச்சிருந்தேன். அதனால டிபார்ட்மெண்ட்ல கம்ப்யூட்டர்னா நான்தான். எவ்வளவு திமிரு எனக்கு அப்ப! எங்களுக்குன்னு புதன்கிழமை ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் ஸ்லாட். தனத்துக்கு தசம புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் வேணும்னு, "தள்ளுடி, நான் எழுதித் தரேன்"னு அரை மணியில ஒரு புரோகிராம் எழுதினேன்.

ரொம்ப சிம்பிள். ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கத்தைக் கழி. கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துக்கிட்டே வா. இங்க பிளஸ், அடுத்த இடத்துல மைனஸ்னா நடுவுல எங்கயோ ஜீரோ இருக்கணும். அந்த இடைவெளியைப் பாதி பாதியா குறைச்சுக்கிட்டே போய்ப் பிடி. பிரிண்டர் கிரீச் கிரீச்சுன்னு கத்திக்கிட்டு விடையைத் துப்பிச்சு. மூணு இல்லை, ஆறு. 1.3955, 1.5708, 4.1648, 4.7124, 6.8307, 7.8540.

தனம் தன் கிராஃபைப் பக்கத்துல விரிச்சு வெச்சு ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம், "கிருபா, 1.57ல கோடு வெட்டலடி. தாவுது. மேல போனது கீழ இருந்து வருது"ன்னா.

"உன் அரை பிளேடு பென்சிலை நம்பறதா, ஏசி ரூம்ல உக்காந்திருக்கற மிஷினை நம்பறதா?"ன்னு கேட்டேன். "அதுவுமில்லாம முடிவில்லாத சுவருக்கு விடை என்ன? 1.5708. இங்கயும் அதே வந்திருக்கு. வேற என்ன வேணும் உனக்கு? உன் கண்ணுக்குத் தப்பிச்சதை மிஷின் பிடிச்சிருக்கு. போ, போய் எழுது."

அவ வாதாடலை. என்னிக்கு வாதாடினா? கிராஃபை நாலா மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டா.

அடுத்த மாசம் கிணத்தோட ஆழத்தை மாத்தி மாத்தி ஓட்டினோம். மூணு லெவல் நகர்ந்துது. மத்த மூணும் என்ன ஆழம் குடுத்தாலும் நாலு இலக்கம் வரைக்கும் அசையவே இல்லை. சுப்பராயலு சார் பிரிண்ட் அவுட்டைக் கையில வெச்சுக்கிட்டு நாற்காலியிலேர்ந்து எழுந்துட்டார். "நகராத லெவல்! இதை யாரும் பாத்ததில்லைம்மா. இதுதான் உன் தீசிஸ்"னார். நாலாவது அத்தியாயம் முழுக்க அந்த மூணு லெவலைப் பத்தித்தான். வருஷா வருஷம் ஜூன் மாசம் ஆபீஸ் வாசல்ல நிக்கறவளுக்கு, என்ன ஆனாலும் அசையாத ஒண்ணு கையில கிடைச்சா எப்படி இருக்கும்? தனமே அதை நம்ப ஆரம்பிச்சுட்டா. டைப் அடிச்சு, கறுப்பு அட்டை போட்டு, பொன் எழுத்துல பேர் பொறிச்சு சப்மிட் பண்ணினா. நன்றின்னு ஒரு பக்கம் வரும் இல்லையா, அதுல என் பேரைப் போடறேன்னா. "வேண்டாம்டி, நான் எழுதிக் குடுத்ததுன்னா உன் வேலை கம்மியா தெரியும்"னு நான்தான் தடுத்தேன். நல்ல எண்ணத்துலதான் தடுத்தேன். அது மட்டும் சத்தியம்.

வைவா, அதாவது தீசிஸை வெச்சு நடக்கற வாய்மொழித் தேர்வு, தொண்ணூறு மார்ச் பதினாறு, வெள்ளிக்கிழமை.

பதிமூணாம் தேதி செவ்வாய்க்கிழமை பசங்களுக்கு பிராக்டிகல் எக்ஸாம். நான் சூப்பர்வைசர். ஒரு பொண்ணு, "மிஸ், என் கால்குலேட்டர்ல டேன் தப்பு தப்பா வருது"ன்னு நீட்டினா. டிகிரிக்குப் பதிலா ரேடியன்ங்கற இன்னொரு கோண அளவுல இருக்கோன்னு சந்தேகம். மனப்பாடமா தெரிஞ்ச ரேடியன் நம்பர் எனக்கு ஒண்ணுதான், தனத்தோட நம்பர். 1.5708 போட்டு டேன் அமுக்கினேன். மைனஸ் ரெண்டு லட்சத்து எழுபத்தி ரெண்டாயிரம்னு வந்து நின்னுது.

ஐயோ ஆண்டவரே! விடைன்னா அங்க ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், வித்தியாசம் ஜீரோவா இருக்கணும். இங்க ஒரு பக்கம் ரெண்டு லட்சத்துக்கு மேல பாதாளத்துல கிடக்கு. 1.5708ங்கறது வெறும் தொண்ணூறு டிகிரி. பத்தாங்கிளாஸ் பசங்களுக்குத் தெரியும், தொண்ணூறுல டேனுக்கு மதிப்பே கிடையாது. அங்க டேன் பிளஸ்ல வானத்துக்குப் போய், மைனஸ்ல பாதாளத்துலேர்ந்து வருது. ஜீரோவைத் தொடறதே இல்லை. தாம்பரம் ஸ்டேஷன்ல ஒருத்தனை முதல் பிளாட்பாரத்துல பாத்தேன், அடுத்த நிமிஷம் நாலாவது பிளாட்பாரத்துல பாத்தேன், அதனால நடுவுல தண்டவாளத்துல இறங்கித்தான் நடந்திருக்கணும்னு என் புரோகிராம் சாதிச்சிருக்கு. அவன் மேல பாலம் ஏறிப் போயிருக்கான். தனம் போட்ட புள்ளிக்கோடுதான் அந்தப் பாலம். கிணத்தோட ஆழத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, அதான் நகரலை. அந்த மூணு லெவலும் இல்லவே இல்லை.

அந்தப் பொண்ணு, "மிஸ், கால்குலேட்டரைக் குடுங்க மிஸ்"னு கேட்டுக்கிட்டே நிக்குது. என் கை கொடுக்க மாட்டேங்குது.

சாயங்காலம் பஸ் பிடிச்சு ராஜகீழ்ப்பாக்கம் போனேன். எல்லம்மா வாசல்ல காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. "வாம்மா கிருபா. இன்னா மூஞ்சி இப்டி கீது? தனம் உள்ளதான் கீது, பரிச்சைக்குப் புடவை தேச்சுகினு கீது"ன்னாங்க. தனம் கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையை இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா. நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு ஞாபகம் இல்லை. அழுதுக்கிட்டே சொன்னேன்.

"மூணுமா?"ன்னு கேட்டா.

"மூணும்."

இஸ்திரிப் பெட்டியை ஓரமா நிமிர்த்தி வெச்சா. டிரங்குப் பெட்டியிலேர்ந்து அந்த நாலா மடிச்ச கிராஃபை எடுத்து விரிச்சு, தான் போட்ட புள்ளிக்கோட்டை விரலால தடவினா. என்னை ஒரு அறை அறைஞ்சிருந்தா நான் பிழைச்சிருப்பேன். "உனக்கு அன்னிக்கே சொன்னேன் இல்ல"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. எல்லம்மா வாசல்லேர்ந்து, "இன்னாடி ரெண்டு பேரும் சத்தமே காணோம்? ஜூன்ல ஆர்டரு வந்துடும் இல்ல?"ன்னு குரல் குடுத்தாங்க. தனம் கிராஃபை மறுபடி நாலா மடிச்சா.

மறுநாள் புதன்கிழமை, எங்க ஸ்லாட். செருப்பை விட்டுட்டு உள்ள போனோம். திருத்த ஒரே ஒரு வரிதான். டேனை எடுத்துட்டு சைன், காஸ் வெச்சு எழுதினா தாவறதுக்கு இடமே இல்லை. ஒரு வரி! மூணே மூணு விடை வந்துது. 1.3955, 4.1648, 6.8307. அவ பென்சில்ல போட்ட அதே மூணு. தனம் பிரிண்ட் அவுட்டைப் பாத்தா, எழுந்து வெளிய போய், செருப்பைப் போட்டுக்காமலே படியில உக்காந்துட்டா. "எங்கம்மாகிட்ட என்னன்னு சொல்வேன் கிருபா?"ன்னு கேட்டா. அவ அப்படி உடைஞ்சு கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை சுப்பராயலு சார்கிட்ட போனோம். மனுஷன் பிரிண்ட் அவுட்டைப் பாத்துட்டு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார். "தீசிஸை வாபஸ் வாங்கினா மறுபடி சப்மிட் பண்ணி வைவா வர மூணு மாசம் ஆகும். உனக்கு இருக்கறது பதினாறு நாள்"னார். "வர்ற எக்ஸாமினர் வயசானவர், கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர். பேசாம இரும்மா. முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." வெளிய வந்து நானும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினேன். "வாயைத் திறக்காதடி, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

யாருக்காகக் கெஞ்சினேன்? இதையும் சொல்லித்தானே ஆகணும். ஜூன்ல எனக்கு பெர்மனெண்ட் ஆர்டரோட கம்ப்யூட்டர் லேப் இன்சார்ஜ் பொறுப்பும் தரப் போறதா பேச்சு. எழுதின முதல் புரோகிராமே இப்படின்னு வெளிய தெரிஞ்சா யார் குடுப்பாங்க? பாதி அவளுக்காக, பாதி எனக்காக. பாதிக்கு மேலயே எனக்காகத்தான்னு இப்ப தோணுது.

வெள்ளிக்கிழமை. சுப்பராயலு சார் ரூம்ல ஒரு போர்டு, ஒரு மேஜை. எக்ஸாமினர் வெள்ளைச் சட்டைக்காரர், நிதானமா பேசறவர். வைவாவை யார் வேணும்னாலும் உக்காந்து கேக்கலாம். நான் கடைசி நாற்காலியில உக்காந்தேன். முதல் மூணு அத்தியாயத்துல கேட்டதுக்கெல்லாம் தனம் டக் டக்குனு பதில் சொன்னா. நாலாவதுக்கு வந்தார். அவர் சிரிச்சார்.

"ரொம்ப நல்ல வேலைம்மா. இந்த நகராத லெவல் இருக்கே, இதைப் பாத்துட்டு என் ஸ்டூடண்ட் ஒருத்தன் துள்ளறான். இந்த டேபிளை வெச்சுத்தான் அவன் பிஎச்.டி. ஆரம்பிக்கப் போறான். மூணு வருஷ வேலை." சட்டைப் பையிலேர்ந்து பேனாவை எடுத்து மூடியைக் கழட்டினார்.

சுப்பராயலு சார் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டுது. முடிஞ்சுது. கையெழுத்து போட்டா முடிஞ்சுது. தனம் அந்தப் பேனாவையே பாத்துக்கிட்டு நின்னா.

"சார், அந்தப் பையனை ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க"ன்னா. "நாலாவது அத்தியாயம் தப்பு சார்."

சாக்பீஸை எடுத்து போர்டுல வரைஞ்சா. டேன் கோடு, புள்ளிக்கோடு, மூணு வெட்டு. பையிலேர்ந்து அந்தப் பழைய கிராஃபை எடுத்து மேஜையில விரிச்சா. அவர் குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தார். கோவப்படலை. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துது.

"கிராஃப் சரியா இருக்கேம்மா. தேதியும் போட்டிருக்கீங்க, தீசிஸ்ல இருக்கற புரோகிராம் தேதிக்கு முன்னாடி. அப்ப இந்த புரோகிராம் யார் எழுதினது? வேற யாராவது எழுதிக் குடுத்து நீங்க ஏமாந்திருந்தா சொல்லுங்க. உங்க சொந்த வேலை இந்த கிராஃப். இந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துட்டு மீதியை நான் இன்னிக்கே பாஸ் பண்ணிடுவேன். நீங்களே எழுதினதுன்னா அப்படிச் செய்ய முடியாது. கையில சரியான விடையை வெச்சுக்கிட்டு தப்பை ஆராய்ச்சின்னு எழுதினவங்களை நான் பாஸ் பண்ண முடியாது."

தனம் திரும்பி என்னைப் பாத்தா.

எழுந்து நிக்கணும். அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியது. "நான் எழுதினேன் சார்." மூணு வார்த்தை. பி.எஸ்சி. கிளாஸ்ல அவ நோட்டைப் பாத்துத் துள்ளித் துள்ளி எழுந்தவதானே நான்? எழுந்திருக்கலை. ஜூன் மாச ஆர்டர் கண்ணு முன்னாடி நின்னுது. நான் தலையைக் குனிஞ்சு என் செருப்பைப் பாத்தேன். சுப்பராயலு சாருக்கும் தெரியும், அவரும் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தார்.

"நான்தான் சார் எழுதினேன்"னு தனம் குரல் கேட்டுது.

அவர் பேனாவை மூடினார்.

மார்ச் முப்பத்தி ஒண்ணு வந்துது, போச்சு. ஜூன்ல எனக்கு ஆர்டர் வந்துது, பெர்மனெண்ட், கம்ப்யூட்டர் லேப் இன்சார்ஜ். தனம் ஆபீஸ் வாசல்ல நிக்க வரவே இல்லை. அதுக்கப்புறம் தாம்பரம் ஸ்டேஷன்ல ஒரு வருஷம் நான் முன்னாடி பெட்டியில ஏறினேன். அவ வரப் போறதில்லைன்னு தெரிஞ்சும், நாங்க எப்பவும் ஏறற பெட்டியில ஏற முடியலை. எல்லம்மா தொண்ணூத்தி ரெண்டுல போயிட்டாங்க. கூட்டத்தோட கூட்டமா மாலை போட்டுட்டு வந்துட்டேன். தனம் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல ஒரு மருந்துக்கடை மாடியில பிளஸ் டூ, பி.எஸ்சி. பசங்களுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பிச்சா.

தொண்ணூத்தி ஏழுல எங்க லேப்ல இருபது மிஷின். பி.எஸ்சி. கிளாஸ்ல இதே கிணத்துக் கணக்கை நடத்தினேன். பசங்க எழுதின புரோகிராம்லயும் என்னோடது மாதிரியே ஆறு விடை வந்துது. அதைப் பாத்ததும் ஒரு பொண்ணு கையைத் தூக்கினா. "மிஸ், இதுல மூணு பொய். ஆழத்தை மாத்திப் பாருங்க, நகரலைன்னா அது கிணத்தோடது இல்லை. எங்க டியூஷன் தனம் மிஸ் சொல்லியிருக்காங்க"ன்னா. கிளாஸை அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.

அன்னிக்கே மருந்துக்கடை மாடிக்குப் போனேன். ஏழு வருஷமா மனசுல எழுதி எழுதி அடிச்ச மன்னிப்பு எல்லாம் ஒண்ணும் வாயில வரலை. "தனம்"னு மட்டும் சொன்னேன். அவ டஸ்டரை மேஜையில வெச்சா. தலை நரைச்சிருந்துது.

"அன்னிக்கு எவ்ளோ நேரம்டி உன்னையே பாத்துக்கிட்டு நின்னேன்"னா.

அவ்வளவுதான். அதுக்குள்ள பசங்க படியேறி வந்துட்டாங்க. அவ போர்டுக்குத் திரும்பி அன்னிக்குத் தேதியை எழுத ஆரம்பிச்சா. நான் இறங்கி வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை சர்ச்ல எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவோம். நூறு குரல்ல என் குரல் யாருக்குக் கேக்கப் போகுது? அதனாலதான் இங்க தனியா சொல்றேன். யாராவது இனிமே தனம் கோட்டை விட்டான்னு சொன்னா, அந்த ரூம்ல நான் சொல்லாம விட்டதை அவங்ககிட்ட சொல்லுங்க.

அந்த புரோகிராமை நான்தான் சார் எழுதினேன்.